பதக்கம் கட்டிய வலை

ஒரே பாவத்தை மூன்றாவது தரமும் சொல்லப் போனபோது, பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு அப்பால் பங்குச் சுவாமி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"மகன், இத நீங்க போன மாசமும் சொன்னீங்க. அதுக்கு முந்தின மாசமும் சொன்னீங்க."

"ஓம் சுவாமி."

"மன்னிப்புக் கெடைச்சிருச்சு. ஆண்டவர் ஒருக்கா மன்னிச்சா மன்னிச்சதுதான். திரும்பத் திரும்பக் கொண்டாந்தா, அவரு சொன்னத நீங்க நம்பலன்னு ஆகும்."

"நம்புறன் சுவாமி. ஆனா வலை இன்னும் அங்கதானே கிடக்கு."

சுவாமி என்னைவிட இருபது வயது இளையவர், மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அந்தப் பெட்டிக்குள் மட்டும் நான் அவருக்கு மகன். வெளியே எனக்குப் பின்னால் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள். இந்த மனிசன் இவ்வளவு நேரமாக என்னத்தைத்தான் சொல்கிறான் என்று அவர்கள் நினைப்பார்களே என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பயம்.

நான் இயல்பிலேயே பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுச் சந்திவரை நடந்து, பூட்டினேனா என்று திரும்பி வருகிற ஆள். மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு இந்த வியாதி கூடிவிட்டது. அவள் இருந்த காலத்தில், "காஸ் சிலிண்டரை மூடியாச்சு, பேசாமப் படுங்க" என்று சொல்ல ஒரு குரல் இருந்தது. இப்போது நானே எழும்பிப் போய்ப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்து படுத்தால், சரியாகப் பார்த்தேனா என்று வருகிறது.

வலை விஷயத்தை முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் கற்பிட்டித் தீபகற்பத்தில் மேற்குக் கடல் பக்கம். வருடத்துக்கு ஒரு தரம், கோயில் திருநாளுக்கு முந்தின நாள், வள்ளங்களையும் வலைகளையும் சுவாமி ஆசீர்வதிப்பார். கரை நீளத்துக்கு வலைகளைக் குவித்து வைப்போம். அவர் செபம் சொல்லிக்கொண்டு தீர்த்தம் தெளித்தபடி நடந்து போவார். இதில் சுவாமிமாருக்குத் தெரியாத ஒரு வழக்கம் எங்களிடம் இருந்தது. தங்கூசி வலை சட்டப்படி கூடாது. மீன் பிடிக்கிற தூண்டில் நூல் மாதிரி, தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாத நூல். மீனுக்கும் தெரியாது, ஆமைக்கும் தெரியாது, உக்கவும் உக்காது. கூடாது என்றாலும் அநேகமாக எல்லோரிடமும் ஒன்று இருந்தது. ஆசீர்வாத நாளில் அதை அடியில் வைத்து, மேலே நல்ல வலையைப் பரப்பிவிடுவோம். தீர்த்தம் மேலே விழுந்து கீழேயும் ஊறும் என்று ஒரு கணக்கு. ஒருவரும் இதைப் பிழை என்று கதைத்ததில்லை. "ஆண்டவருக்குத் தெரியும், ஒபிசர்மாருக்குத் தெரியாட்டிச் சரி" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

குவைத்துக்குப் போகிற வருடம் அந்த வலையின் மேற்கயிற்றில் மனைவி ஒரு அந்தோனியார் பதக்கத்தைக் கட்டினாள். தன்னுடைய பழைய நீல றப்பர்ச் செருப்பையும் விட்டுவிட்டுப் போனாள். அதைச் சதுரம் சதுரமாக வெட்டி நான் மிதப்பாகக் கட்டினேன். எங்கள் பக்கத்தில் தேய்ந்த செருப்பெல்லாம் மிதப்பாகத்தான் போகும். ஒவ்வொரு மிதப்பிலும் ஆணியைச் சுட்டு என் அடையாளத்தைப் போட்டேன். ஒரு சிலுவை, பக்கத்தில் ஒரு புள்ளி.

சித்திரை மாதக் கடைசியில், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு இரண்டொரு நாள் இருக்கும்போது, அந்த வலையைக் கடலடியில் பவளம் வளர்கிற முருகைக்கல் பாருக்குக் கிட்ட விட்டேன். என்னோடு கடலுக்கு வருகிறவன் காய்ச்சல் என்று படுத்துவிட்டான். தனியே போனேன். விடிந்து இழுத்தபோது வலை வரவில்லை. கல்லில் நன்றாகப் பிடித்துவிட்டது. இந்தப் பக்கம் இழுத்தேன், சுற்றி வந்து அந்தப் பக்கம் இழுத்தேன். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வள்ளத்தின் முனை தாழ்ந்து தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. கத்தியை எடுத்துக் கயிற்றை வெட்டினேன். மேற்கயிறு ஒரு தரம் துள்ளிவிட்டுக் கீழே போனது. நாளைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து எடுப்போம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டு கரைக்கு வந்தேன்.

நாளைக்கு என்பது வரவில்லை. அன்று பின்னேரமே காற்று பிடித்தது.

கச்சான் காலத்தில் எங்கள் கடலில் இறங்க முடியாது. ஆட்கள் வள்ளங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரையில் வாடி என்கிற மீன்பிடிக் கொட்டில்களுக்குப் போய்விடுவார்கள். ஊரில் வயது போனவர்களும் பெண்களும் என்னைப் போல இரண்டொரு பேரும்தான் மிச்சம். நான் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனேன். பகல் முழுக்க வெங்காயம், பின்னேரம் பாணும் பருப்பும், பிறகு கடல் இரைகிற சத்தம். எங்கள் வீட்டுக்குள் எந்த மூலையில் கதிரையைப் போட்டாலும் அந்தச் சத்தம் கேட்கும். முந்தி அது எனக்கு ஒரு சத்தமே இல்லை. இப்போது அதற்குள் என் வலை இருந்தது. ஆளில்லாமல் மீன் பிடித்துக்கொண்டு இருந்தது. பிடிபட்டது செத்து அழுகும், அந்த வாடைக்கு நண்டு வரும், நண்டும் மாட்டும், நண்டைத் தின்ன வருகிறதும் மாட்டும். நான் வெங்காயத்தில் மண் தட்டுகிற நேரத்திலும் அது நிற்காது. எடுக்கிறதுக்கும் தின்கிறதுக்கும் ஒருவரும் இல்லாத பிடி.

வெள்ளிக்கிழமைதான் மனைவிக்கு ஓய்வு. வட்ஸ்அப்பில் கோல் எடுப்பாள்.

"இஞ்சப்பாருங்க, மெலிஞ்சிட்டீங்க. சாப்பிடுறீங்களா இல்லையா?"

"சாப்பிடுறன்."

"பதக்கம் கட்டின வலையை உள்ளுக்கு எடுத்து வைச்சீங்களா? எலி வெட்டிப் போடும்."

"ஓம், உள்ளுக்குத்தான் இருக்கு."

அவள் நாலு சுவருக்குள் யாரோ ஒருவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அந்தோனியாரை நம்பி இருக்கிறாள். இதைச் சொல்லி அவளையும் பயப்படுத்துவானேன் என்று நினைத்தேன். அவளுக்கு நான் சொன்ன முதல் பொய் அது என்று சொல்லமாட்டேன். எனக்குப் பாரமாக இருந்த முதல் பொய் அது.

ஆனி மாதம் ஒரு காலை செத்த ஆமை ஒன்று கரை ஒதுங்கியது. வேலைக்குப் போகிற வழியில் கரையில் ஏழெட்டுப் பேர் நிற்பதைக் கண்டேன். பெரிய ஆமை. முன்துடுப்பு இரண்டிலும் கழுத்திலும் தங்கூசி இறுக்கி, தோலை வெட்டி உள்ளே போயிருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு மிதப்பு தொங்கியது.

"தாலி கட்டித்தான் அனுப்பியிருக்கிறாங்க" என்று ஒருவர் சொன்னார். சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை ஆர் எண்டு பாருங்கோ, சீதனம் கேப்பம்."

நான் கிட்டப் போனேன். நீலம். மனைவியின் செருப்பு நீலம். குனிந்து பார்க்கவே தேவையில்லை, ஆனாலும் குனிந்தேன். சிலுவையும் புள்ளியும். உடுத்திருந்த சாரத்தைச் சரிப்படுத்துகிற மாதிரி அந்த மிதப்பின் மேல் பாதத்தை வைத்து மணலுக்குள் அமுக்கினேன்.

"இது எங்கட ஆக்கள்ட வேலை இல்ல. வெளியூர்ப் படகுக்காரன்கள்ட வலை" என்றார் ஒரு கிழவர். என்னைப் பார்த்து, "என்ன, அப்பிடித்தானே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "அப்பிடித்தான்."

அவர்கள் போன பிறகு மிதப்பை அறுத்து மடியில் கட்டிக்கொண்டேன். அன்று வெங்காயம் கிண்டும்போது அது என் இடுப்பில் ஈரமாக இருந்தது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியை விடவில்லை, விட்டால் அம்மா விறகுக் கட்டை எடுப்பாள். அதில் டீச்சர் சொன்ன ஒன்று எனக்கு மறக்கவில்லை. கோழி களவெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, கோழியைத் திருப்பிக் கொடுக்க வேணும், கோழியைத் தின்றிருந்தால் வேறு கோழி கொடுக்க வேணும் என்பார். அப்போது நாங்கள் கோழிக் கறியை நினைத்துச் சிரித்தோம். இப்போது அது வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது. நான் எடுத்ததை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? ஆமைக்கு ஆமை கொடுக்க எனக்கு முடியுமா?

இந்தச் சுவாமி வந்த புதிதில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்: ஆண்டவர் முதல் மனிதனைத் தோட்டத்தில் விட்டது பிடுங்கித் தின்பதற்கு மட்டும் இல்லை, அதைப் பார்த்துக்கொள்ளவும்தான். தோட்டம் என்றபோது அவர் தேயிலையை நினைத்திருப்பார். கோயிலில் இருந்த எங்களில் பலர், இது வெங்காயக்காரருக்குச் சொல்கிற பிரசங்கம் என்று கொட்டாவி விட்டோம். எங்களுக்கு வேலி போட்ட தோட்டம் இல்லை. கடலை ஒருவரும் பார்த்துக்கொள்ளத் தேவையில்லை, அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றுதான் நான் நாற்பது வருடம் நினைத்திருந்தேன். வேலி இல்லாததால் சாவியும் என்னிடம் இல்லை, காவலும் என் வேலையில்லை. அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

ஆகவே மூன்றாம் தரம் தட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தபோது, அடியில் வைத்து ஆசீர்வாதம் வாங்கிய கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். சுவாமி நிமிர்ந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"அடியில வச்சா? எல்லாருமா?"

"மற்றவங்கட பாவத்தை நான் சொல்லக்கூடாதே சுவாமி."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று விளங்கவில்லை. பிறகு கேட்டார்: "அந்த வலைய எடுக்க முடியுமா?"

"காற்று மாறினா முடியும்."

"அப்ப காத்து மாறட்டும். எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தப் பாவத்த இங்க கொண்டாராதீங்க. கடல்ல எறங்கி ஒங்களுக்கு ஒதவ எனக்குத் தெரியாது, எனக்கு நீச்சலே வராது."

எனக்கும் கடலுக்குள் இறங்கத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நீந்துவேன், ஆனால் முக்குளிக்கத் தெரியாது. எங்கள் கரையில் வள்ளக்காரரில் பலர் அப்படித்தான். கடலுக்கு மேலே பிறந்து, மேலேயே கிழடாகிறவர்கள்.

வலை விழுந்த இடத்தின் அடையாளத்தைக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். கோயில் கோபுரத்துச் சிலுவையும் அதற்குப் பின்னால் நிற்கிற மின்சாரக் காற்றாடியும் ஒரு நேராக வர வேணும், தெற்கே இரண்டு தென்னைக்கு நடுவில் தண்ணீர்த் தாங்கி தெரிய வேணும். மறந்துவிடுவேனோ என்று ஒவ்வொரு நாளும் அதை எடுத்து வாசித்தேன். பிறகு தாள் தொலைந்துவிடுமோ என்று இன்னொரு தாளில் எழுதி அலுமாரிக்குள் வைத்தேன்.

ஐப்பசியில் காற்று விழுந்தது. அடுத்த நாளே பஸ் ஏறிக் கரைத்தீவுக்குப் போனேன். அங்கே ஒரு சுழியோடி இருந்தார். தொண்ணூறில் மன்னார்ப் பக்கத்திலிருந்து முஸ்லிம் சனம் துரத்தப்பட்டு உடுத்த உடுப்போடு வந்தபோது தாயின் இடுப்பில் இருந்து வந்தவர். சங்குக்கும் கடலட்டைக்கும் இறங்குகிறவர். முந்தி ஒரு தரம் என் வள்ளத்தின் இயந்திரம் நின்றபோது கட்டி இழுத்து வந்த பழக்கம்.

"வாங்க அண்ணன். சங்கா, அட்டையா?"

"வலை எடுக்க வேணும் நானா."

"என்னைவிட உங்களுக்குத்தான் வயசு கூட, மூத்தவனைக் கூப்பிடுற மாதிரி நானா எண்டுறீங்க. என்ன வலை? தங்கத்தால செஞ்சதா?"

"தங்கூசி."

பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பழசை எடுத்து என்ன செய்யப் போறீங்க? இனி அதால மீன் பிடிக்கேலாது."

"அது இப்பவும் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன், ஆமையையும் "ஓம்" என்று சொன்னதையும். அவர் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், "கடல் எண்டது படைச்சவன் எங்கட கையில தந்த அமானிதம், ஒப்படைச்ச பொருள் மாதிரி எண்டு எங்கட வாப்பாவும் சொல்லுவார். சொல்லிப்போட்டு டைனமைட்டும் போடுவார்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, வாய் வலித்தது. "வெள்ளி எங்களுக்கு ஜும்மா, ஞாயிறு உங்களுக்குப் பூசை. சனி போவம்."

சனிக்கிழமை கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. சிலுவையும் காற்றாடியும் ஒரு நேராக வந்தன. தண்ணீர்த் தாங்கியும் தெரிந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கத்தியோடு, காற்றுத் தாங்கியை முதுகில் மாட்டி இறங்கினார். குமிழிகளைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன். இடம் பிழையாக இருந்தால்? இவருக்கு ஏதும் நடந்தால்? தாயின் இடுப்பில் உயிர் தப்பி வந்த மனிசனை என்னுடைய பாவத்துக்காக நான் கொண்டுவந்து முடித்துவிட்டால்? செபமாலையை எடுத்தேன். எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்று பிழைத்துப் பிழைத்துத் திரும்பத் தொடங்கினேன்.

தலை மேலே வந்தது. "இருக்கு அண்ணன். உரப்பையை எறியுங்க."

நாலு தரம் இறங்கினார். வெட்டி வெட்டி மேலே தந்தார், நான் இழுத்து உரப்பையில் திணித்தேன். பாசி பிடித்த நூல். கிளிமீன் எலும்புகள். பாதிக்குப் பாதி நண்டு ஓடுகள். ஒரு சிங்கி இறால் மட்டும் உயிரோடு மாட்டியிருந்தது, அதை நூல் நூலாக வெட்டி விட்டேன், கத்தி வழுக்கியதில் என் விரலையும் வெட்டிக்கொண்டேன். ஐந்து உரப்பை நிரம்பியது. கடைசியாக வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மிச்சம் எடுக்கேலாது."

"ஏன் நானா?"

"முருகைக்கல் அதுக்கு மேலால வளர்ந்துட்டு. இழுத்தா பாரும் சேர்ந்து உடையும். ஆடிக்கொண்டு நிண்ட எல்லாத்தையும் வெட்டிட்டன். மற்றது இனிக் கல்லு. ஒண்டையும் பிடிக்காது."

"நிச்சயமா?"

"இறங்கிப் பாருங்களன்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் வள்ளத்தின் ஓரத்தில் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது.

"பதக்கம் ஒண்டு கண்டீங்களா? மேற்கயிற்றில."

"கண்டன். அதையும் கல்லு பிடிச்சிட்டு."

கரையில் கிழக்கிலிருந்து திரும்பிய ஆட்கள் நின்றார்கள். உரப்பைகளை இறக்கியபோது நீல மிதப்புகள் பிதுங்கின. ஆமைக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் கிழவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"ஆர்ட வலை?"

"என்ட."

"அப்ப அந்த ஆமை?"

"ஓம்" என்றேன். "என்டதுதான்."

ஒருவன், என்னோடு வழக்கமாகக் கடலுக்கு வருகிறவன், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதா உனக்கு? இது காதுக்குக் காது போய், ஒபிசர்மார் வந்தா எங்கட வாடியெல்லாம் கிண்டுவாங்கள். புனிதராகிறதெண்டா நீ தனியப் போய் ஆகு." கிழவர் மிதப்பை உரப்பைக்கு மேல் திருப்பி வைத்துவிட்டு நடந்தார். அன்றைக்குப் பிறகு அவன் என்னோடு கடலுக்கு வரவில்லை. தேத்தண்ணிக் கடையில் என் பக்கத்துக் கதிரை காலியாகவே கிடந்தது. அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஒவ்வொரு வாடிக்குள்ளும் ஒரு குடும்பம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மனைவி எடுத்தபோது, அவள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். திரையில் அவள் முகம் அசையவில்லை, இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன்.

"இத்தனை மாசமா இதை வைச்சுக்கொண்டா தனிய இருந்தீங்க?"

"நீ பயப்படுவாய் எண்டு."

"பயப்படுறது உங்கட வேலை. என்ட வேலை இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "பதக்கம்?"

"கீழயே இருந்திட்டு."

"இருக்கட்டும். அங்க காவலுக்கு ஒரு ஆள் வேணும்தானே."

அடுத்த நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குரலிலேயே சுவாமி என்னை அறிந்துகொண்டார்.

"காத்து மாறிருச்சா?"

"மாறிட்டு சுவாமி. எடுத்தன். முக்கால்வாசி."

"மிச்சம்?"

"கல்லோட கல்லாப் போச்சாம். இனி ஒண்டும் செய்யாதாம். இறங்கினவர் சொன்னார். நான் கண்ணால பார்க்கல்ல சுவாமி."



"இதுக்குள்ள இருந்துக்கிட்டு நானும் எதயும் கண்ணால பாத்துச் சொல்றதில்ல, மகன்" என்றார். பரிகாரமாகச் செபம் ஒன்றும் தரவில்லை. வருகிற ஆசீர்வாதத்துக்கு என் வலையை மேல் கீழாக இரண்டு தரம் புரட்டிக் காட்டச் சொன்னார், எல்லோரும் பார்க்க. பிறகு பாவமன்னிப்புச் சொல்லக் கையை உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்து காஸ் சிலிண்டரைப் பார்த்தேன். ஐந்து உரப்பைகளும் முன்னறைச் சுவரோடு நிற்கின்றன, மனைவியின் கதிரைக்குப் பக்கத்தில். எரித்தால் கெட்ட புகை, புதைத்தால் உக்காது, கடலில் போட முடியாது. எடுக்கிற ஒரு ஆள் கிடைக்கும்வரை என்னோடுதான் இருக்கும். ஒவ்வொரு உரப்பையின் கட்டையும் இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. கடைசி உரப்பையை மட்டும் இன்னொரு தரம் போய்ப் பார்த்தேன்.